டேப்லெட் திரையில் சின்னக் குறை: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

புது டேப்லெட். திரையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் நிறம் மாறாமல் அப்படியே நிற்கிறது. அல்லது இருட்டில் படம் பார்க்கும்போது ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது. அல்லது வெள்ளைப் பக்கத்தின் ஒரு பாதி மட்டும் லேசாக மஞ்சள் அடிக்கிறது. இப்படி ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: அப்படியே வைத்துக்கொள்வது, திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவது, சர்வீஸில் கொடுத்துத் திரையை மாற்றுவது.

குறை எவ்வளவு சின்னது என்பதை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். நான் அளவைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, அந்தக் குறை இருந்தபடியே இருக்குமா, பரவுமா என்பது. அடுத்தது, இது கையிலிருக்கும் இந்த ஒரு டேப்லெட்டின் குறையா, அந்த மாடலுக்கே உள்ள குணமா என்பது. இவை தெரிந்துவிட்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கறுப்புப் புள்ளியும் எரியும் புள்ளியும்

10.1 அங்குலத் திரை, 1920×1200 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 23 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் பிக்சல். கூட்டினால் ஏறக்குறைய 69 லட்சம். எல்சிடி திரையில் ஒவ்வொரு துணைப் பிக்சலையும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் இயக்குகிறது. இத்தனையில் ஒன்றுகூடப் பழுதாகாமல் எல்லாத் திரையும் வெளிவரும் என்று தயாரிக்கிறவர்களே எதிர்பார்ப்பதில்லை. எத்தனை பழுதைப் பொறுக்கலாம் என்பதை வைத்துத் திரைகளை வகுப்புகளாகப் பிரித்த, 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேசத் தரநிலை, இரண்டாம் வகுப்புத் திரைகளில் பத்து லட்சம் பிக்சலுக்கு, எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் அணைந்தே கிடக்கும் பிக்சல் 2, துணைப் பிக்சல் பழுது 5 வரை பொறுத்துக்கொண்டது. 2008இல் அதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9241-307 வந்தது, வகுப்பு பிரிக்கும் முறை அதிலும் தொடர்கிறது. அந்தப் பழைய கணக்கை நம் திரைக்குப் போட்டுப் பார்த்தால் எரியும் புள்ளி நான்கு, கறுப்புப் புள்ளி நான்கு, துணைப் பிக்சல் பழுது பதினொன்று இருந்தாலும் அது தேர்ச்சி பெற்ற திரைதான்! தயாரிப்பாளர் தனக்கென்று இதைவிடக் கறாரான வரம்பு வைத்திருக்கலாம். ஆனாலும், ஒரு புள்ளியைக் காட்டி வாரண்டியில் மாற்றிக் கேட்டால் "இது அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்ற பதில் வருவது இப்படிப்பட்ட வரம்புகளால்தான்.

இரண்டு புள்ளியும் ஒரே அளவு, ஆனால் கண்ணுக்கு ஒன்றல்ல. நாம் சொன்ன திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.11 மில்லிமீட்டர். 40 சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் அது நம் கண்ணில் ஏறத்தாழ ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கிறது. சராசரிப் பார்வை பிரித்தறியும் எல்லையே அவ்வளவுதான். வெள்ளைப் பின்னணியில் இருக்கும் கறுப்புப் புள்ளியைச் சுற்றியுள்ள வெளிச்சமே விழுங்கிவிடும். எரியும் புள்ளி அப்படி மறையாது. நட்சத்திரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் இரவு வானில் தெரிகிற மாதிரி, கறுப்புப் பின்னணியில் ஒரு பச்சைப் புள்ளி தன் அளவை மீறித் தெரியும்.

ஆகவே கறுப்புப் புள்ளி ஒன்று என்றால் என் தீர்ப்பு பெரும்பாலும் "வைத்துக்கொள்" என்பதுதான். அது எங்கும் போகாது, எதையும் கெடுக்காது. எரியும் புள்ளியென்றால் இடமும் வேலையும் சேர்ந்து முடிவு செய்யும். புத்தகமும் செய்தியும் படிக்கிறவருக்கு மூலையில் இருக்கும் சிவப்புப் புள்ளி கண்ணில் படாமலே காலம் ஓடிவிடும். அதே புள்ளி நடுவில் இருந்து, அவர் இரவு நேரப் படப்பிரியராகவும் இருந்துவிட்டால், ஒவ்வொரு இருட்டுக் காட்சியிலும் பார்வை அங்கேயே போய் நிற்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லையென்றால் கொடுத்துவிடுவது நல்லது.

நிறம் மாற மறுக்கும் புள்ளி சில சமயம் தானாகச் சரியாவது உண்டு. நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் செயலிகள் இதற்கென்றே இருக்கின்றன. எல்சிடி திரையில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பலிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. முழுக்கச் செத்த பிக்சலுக்கு இது உதவாது. துணியைச் சுற்றி விரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்லும் கைவைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். புள்ளி போகிறதோ இல்லையோ, அந்த இடத்தில் வெளிறிய அழுத்தத் தழும்பு விழுந்துவிடலாம். அதற்குப் பிறகு வாரண்டி பற்றிப் பேசவும் முடியாது.

வெளிச்சக் கசிவு

அதிகம் பேர் பதறுவதும், பாதிப் பேர் தேவையில்லாமல் பதறுவதும் இதற்குத்தான். எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பெரும்பாலும் பின்னால் ஒரு ஓரத்தில் எல்இடி வரிசை இருக்கும். அதன் வெளிச்சத்தை ஒரு ஒளி கடத்தும் தகடும் சில மெல்லிய தாள்களும் திரை முழுவதும் பரப்புகின்றன. சட்டம் எங்காவது கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலோ அடுக்குகள் சரியாக உட்காராமல் போனாலோ அந்த ஓரத்தில் வெளிச்சம் கசியும்.

ஐபிஎஸ் வகை எல்சிடியில் இன்னொன்றும் உண்டு. சாய்வாகப் பார்த்தால் கறுப்பு சற்றே வெளுத்து, மூலைகளில் சாம்பலாகவோ மஞ்சளாகவோ மினுங்கும். அது பழுதில்லை, அந்த வகைத் திரையின் சுபாவம். இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்புப் படத்தைத் திரையில் வைத்துவிட்டுத் தலையை இடமும் வலமுமாக நகர்த்துங்கள். மினுக்கம் உங்களோடு நகர்ந்தால், அல்லது தள்ளிப் போனதும் குறைந்தால், அது ஐபிஎஸ் குணம். அதற்காக மாற்றினால் புதிதாக வருவதிலும் அதேதான் இருக்கும். நகராமல் ஒரே இடத்தில் நின்றால் அது கசிவு. மாற்றிக் கேட்க நியாயம் உண்டு.

இருட்டில் செல்போனால் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மனம் ஒடிய வேண்டாம். வெளிச்சம் போதாதென்று கேமரா தானே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை, கூட்டிவிடும். லேசான கசிவுகூட எரியும் டார்ச்சைப் போலப் பதிவாகும். திரையில் முழு வெளிச்சம், அறையில் முழு இருட்டு, முழுக் கறுப்புப் படம் என்ற சோதனை நிலையில் நிஜத்தில் யாரும் டேப்லெட்டைப் பயன்படுத்துவதில்லை. வழக்கமாக எந்த அறையில், எந்த வெளிச்ச அளவில் பயன்படுத்துவீர்களோ அங்கே வைத்துப் பாருங்கள். அங்கே தெரியாத கசிவைத் தேடிப் பிடிப்பது நாமே போய் வாங்கி வரும் தலைவலி.

இது பிடிக்கவில்லை, ஓஎல்இடிக்கு மாறிவிடலாம் என்று தோன்றும். அங்கே பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வேறு குறைகள் வந்து சேரும். வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துக் கருஞ்சாம்பல் பின்னணியைப் பார்த்தால் சில திரைகளில் மணல் தூவியது போன்ற திட்டுகளோ, பச்சை அல்லது இளஞ்சிவப்புச் சாயலோ தெரியும். வருடக் கணக்கில் ஒரே பட்டையோ சின்னமோ அதே இடத்தில் நின்றால் அதன் நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். நீலத் துணைப் பிக்சல் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் மங்குவதும் இதில் சேர்ந்துகொள்கிறது. சாம்பல் திட்டு வளராது, அதனால் அதோடு வாழலாம். தங்கிய நிழல் காலப்போக்கில் கூடத்தான் செய்யும்.

மாடல் முழுக்க இருக்கும் குறை

2021இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை ஐபேட் மினியை நிமிர்த்திப் பிடித்து வேகமாக ஸ்க்ரோல் செய்தால் பக்கத்தின் ஒரு பாதி மற்றொன்றைவிட ஒரு கணம் பின்தங்கி, எழுத்துகள் ஜெல்லி போல நெளிவதாகப் புகார்கள் எழுந்தன. எல்சிடி திரையில் இது இயல்புதான் என்று ஆப்பிள் பதில் சொன்னது. விஷயம் என்னவென்றால், திரை முழுவதும் ஒரே கணத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. வரி வரியாகத்தான் மாறுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 16 மில்லி நொடி வரை வித்தியாசம் இருக்கலாம். அந்த வரிசை நாம் ஸ்க்ரோல் செய்யும் திசைக்குக் குறுக்காக அமைந்துவிட்டால் நெளிவு தெரியும். டேப்லெட்டைப் படுக்கவாட்டில் திருப்பினால் குறையும்.

இப்படிப்பட்ட குறைக்கு அதே மாடலில் வேறொன்று வாங்குவது வீண் அலைச்சல். பணத்தைத் திரும்பப் பெறுவது, பழகிக்கொள்வது என்ற இரண்டு வழிதான். எனக்கு இது உறுத்தாது. நாள் முழுக்க ஸ்க்ரோல் செய்து தலை சுற்றுகிறது என்கிற ஒருவரிடம் பழகிக்கொள்ளச் சொல்லவும் எனக்கு வாய் வராது.

மேல் கண்ணாடியோடு பேனலை (படம் காட்டும் பலகையை) ஒட்டாத மலிவு ரக டேப்லெட்டுகளும் இந்தக் கணக்கில்தான் வரும். மேல் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருப்பதால் உள்ளே தூசி போய் உட்காரலாம். கீறலோ, செத்த பிக்சலோ என்று மயங்க வைப்பதும் இதுவே.

யோசிக்கவே வேண்டாதவை

சில குறைகள் பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் நிற்காது. மேலிருந்து கீழாக ஒரு முடி அகலத்தில் கோடு விழுந்தால் பெரும்பாலும் இணைப்பிலோ பேனலை இயக்கும் சுற்றிலோ கோளாறு இருக்கும். இன்று ஒரு கோடு, நாளை இன்னொன்று. தொடாமலே திரை தானாகத் தட்டிக்கொள்வதும் இந்தக் கூட்டம்தான். கண்ணாடி ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு விரிசல் இருந்தாலும், பையில் கொஞ்சம் வளைந்தாலே அது குறுக்கே ஓட வாய்ப்புண்டு.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, பழகிய டேப்லெட்டில் திடீரென்று நடுவில் தோன்றும் வெளிறிய திட்டு. லித்தியம்-அயன் பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பினால் திரையைப் பின்னாலிருந்து தள்ளும். சமதளத்தில் வைத்தால் டேப்லெட் ஆடுகிறதா, கண்ணாடி ஓரம் எங்காவது எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அமுக்கிப் பார்க்காமல், நேராகச் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு இதில் இடமில்லை.

ரிட்டர்னும் வாரண்டியும்

திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கும்வரை "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதே பல இடங்களில் போதுமான காரணம். வாரண்டியில் தயாரிப்பாளரின் வரம்பை உங்கள் குறை தாண்டியிருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் புதுக்கருவிதான் வரும் என்பதில்லை. பழுது நீக்கிய ஒன்று வரலாம். அதனால் சின்னக் குறைக்கு ரிட்டர்ன் காலம்தான் பொன்னான நேரம். அதன் பெரும்பகுதியைச் சோதனைப் படங்களோடு கழிக்காமல் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். முதல் நாளும் கெடு முடியும் முன்பும் கேமராவின் எக்ஸ்போஷரை ஒரே அளவில் பூட்டி ஒரு படம் எடுத்துவைத்தால், குறை வளர்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கடை நியாயமாக விலை குறைத்துத் தந்தால், வளராத குறைக்கு அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பது என் பார்வையில் மிக நல்ல பேரம்.

மாற்றி வாங்குவதில் இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒரே மாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பேனல்கள் வருவதுண்டு. கறுப்புப் புள்ளி இல்லாத புதுத் திரை மஞ்சள் அடிக்கலாம். மஞ்சள் அடிக்காதது ஓரத்தில் கசியலாம். ஒரு முறை மாற்றுவது நியாயம். மூன்றாவது முறையும் மாற்ற நினைத்தால் மாடலையே மாற்றிவிடலாம்.

கைக்காசில் திரை மாற்றம்

சின்னக் குறைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய டேப்லெட்டுகள் பலவற்றில் கண்ணாடி, தொடு அடுக்கு, பேனல் மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. ஒரு புள்ளிக்காக மொத்தத்தையும் சூடாக்கிப் பெயர்த்து எடுக்க வேண்டும். வெளிச்சந்தைப் பேனல் போட்டால் நிறத் துல்லியமும் தொடு உணர்வும் பழையபடி இருக்குமா என்பது சந்தேகம்; நீர் புகாத வகையென்றால் அந்தக் காப்பும் பலவீனமாகலாம். பேனாவால் வரைகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பேட்டரி இல்லாத பேனாவுடன் வரும் சில டேப்லெட்டுகளில் பேனாவை உணரும் தனிப் பலகை திரைக்குப் பின்னாலேயே இருக்கிறது. பிரிக்கும்போது அது சேதமானால் கோடு ஒரு பக்கம், பேனா முனை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். திரை ஒட்டாத ரகத்தில் மேல் கண்ணாடி மட்டும் கீறியிருந்தால் கதை வேறு. அதைத் தனியாக மாற்றலாம், செலவும் குறைவு. அதுவும் கீறல் விரலுக்குத் தட்டுப்பட்டால் மட்டுமே. கண்ணுக்கு மட்டும் தெரிகிற மயிரிழைக் கீறலென்றால் ஒரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டினாலே அதன் பசை பெரும்பாலும் மறைத்துவிடும்.