ஹிட்ஸா, வாசகரா, வருமானமா? பதிவரின் வெற்றியை எந்தக் கோலால் அளப்பது

வலைப்பூ தொடங்கிய முதல் வாரத்திலேயே பக்கவாட்டில் ஒரு ஹிட் கவுண்டரைப் பொருத்தினேன். எழுதியிருந்தது இரண்டே பதிவு. கவுண்டர் 212 என்று காட்டியது. அன்றிரவு எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் நிதானமாக யோசித்தபோதுதான் அந்த 212-ல் பாதிக்கு மேல் நானே என்று உறைத்தது. எழுத்துப்பிழை திருத்த ஒருமுறை, படம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை, எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கணக்கில்லாத முறை.

அதற்குப் பின் பதிவர்கள் கையில் எடுக்கும் கோல்கள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் ஒரு கோலில் உயரமாகத் தெரிகிறவர் இன்னொன்றில் குள்ளமாகத் தெரிகிறார். "வலைப்பூ எப்படிப் போகிறது?" என்று யாராவது கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? அதனால் இந்தக் கோல்களை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

பார்வை எண்ணிக்கையும் திரும்பி வரும் வாசகரும்

பக்கப் பார்வை என்றால் பக்கம் ஒருமுறை திறந்தது, அவ்வளவுதான். யாராவது படித்தாரா என்பது அதில் இல்லை; திறந்தது மனிதர்தானா என்பதுகூடச் சில கவுண்டர்களில் இல்லை. சர்வர் பதிவேட்டைப் பார்த்து எண்ணும் கவுண்டர், தேடுபொறிகள் அனுப்பும் சிலந்தி நிரல்களையும், தானாக இயங்கும் விளம்பர பாட்களையும் வாசகர் கணக்கில் சேர்த்துவிடும். கூகுள் அனலிடிக்ஸ் போன்ற வருகைக் கணக்குச் சேவைகள் பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை ஓடவிட்டு எண்ணுகின்றன. தெரிந்த பாட்களை அவை கழித்துவிடும். கூடவே, விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் உண்மையான வாசகரையும் கோட்டை விட்டுவிடும். ஒரே வலைப்பூவில் இரண்டு கவுண்டர் வைத்தவருக்குத் தெரியும், இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. நம் மனம் எதை நம்பும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய ஏமாற்று சராசரியில் இருக்கிறது. ஒருவர் 20 பதிவு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பதிவை யாரோ பகிர்ந்து அது பற்றிக்கொண்டு 9,000 பார்வை வாங்கியது. மற்ற 19-க்கும் தலா 50. மொத்தம் 9,950, சராசரி கிட்டத்தட்ட 498. அந்தப் பதிவர் "என் பதிவுக்குச் சராசரியாக 500 பேர் வருகிறார்கள்" என்று சொன்னால் கணக்குப்படி தவறில்லை. ஆனால் 500 பேர் வந்த பதிவு என்று ஒன்றுகூட அந்த வலைப்பூவில் கிடையாது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 50. அடுத்த பதிவை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதற்கு நெருக்கமான விடை அதுதான். பார்வை எண்ணிக்கையை விடவே முடியாதவர்கள் சராசரியை விட்டுவிட்டு இந்த நடு எண்ணையாவது பார்க்கலாம்.

எதிர்ப்பக்கம் நிற்பது திரும்பி வரும் வாசகர். இந்தக் கோலும் கோணல்தான். உலாவியில் போட்டுவைக்கும் குக்கி என்ற சிறு அடையாளக் கோப்பை வைத்துத்தான் இது ஆளை அடையாளம் காண்கிறது. கைபேசியில் ஒருமுறையும் கணினியில் ஒருமுறையும் வந்தால் இரண்டு பேர். ஆப்பிளின் சஃபாரி உலாவி, ஸ்கிரிப்ட் போடும் இத்தகைய குக்கிகளை 2019 முதல் ஏழு நாளில் அழித்துவிடுகிறது. பதினைந்து நாளுக்கு ஒரு பதிவு எழுதுகிறவருக்கு இதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது: சஃபாரியில் தவறாமல் வந்து படிக்கும் தீவிர வாசகர், ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத புதியவராகவே கணக்கில் ஏறுவார்.

இரண்டும் தவறு காட்டும் என்றால் எதை எடுப்பது? நான் திரும்பி வருபவரையே எடுக்கிறேன். பார்வை எண்ணிக்கையின் தவறு பெரும்பாலும் கூட்டிக் காட்டும். இதன் தவறு குறைத்துக் காட்டும். என்னை நானே ஏமாற்றிக்கொள்ளும் ஆபத்து இதில் கம்மி. தவிர, கோணல் மாதாமாதம் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், போன மாதத்தோடு ஒப்பிட இது போதும்.

பக்கத்தில் செலவிட்ட நேரம் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. 2023 ஜூலையில் நிறுத்தப்பட்ட பழைய கூகுள் அனலிடிக்ஸ், ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைத்தான் கணக்கெடுத்தது. ஒரே ஒரு பதிவை ஆற அமரப் படித்துவிட்டுப் போனவர் அதில் பூஜ்ஜியம் வினாடி. வலைப்பூ வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே வருவார்கள்! புதிய முறையில், பத்து வினாடிக்கு மேல் இருந்தாலே 'ஈடுபாடுள்ள வருகை' என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. பத்து வினாடியில் தலைப்பையும் முதல் பத்தியையும் தாண்டுவதே கஷ்டம். பழையது கஞ்சன் என்றால் புதியது தாராளப்பிரபு.

சந்தாதாரரும் பதில் எழுதுபவரும்

ஒரு காலத்தில், ஓடைச் சந்தாதாரர்களை எண்ணிச் சொல்லும் ஃபீட்பர்னர் சேவையின் பட்டையில் 'இத்தனை வாசகர்கள்' என்று போட்டு மாட்டிக்கொள்வது பதிவருக்கு ஒரு கௌரவம். புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஓடைவழிப் (ஃபீட்) படிப்பவர்களில் பெரும்பங்கு கூகுள் ரீடர் என்ற சேவையில் இருந்தார்கள். 2013 ஜூலை 1 அன்று அந்தச் சேவை மூடப்பட்டது. பட்டையில் இருந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று அப்போது புரிந்தது. அந்தச் சந்தாதாரர் பட்டியல் நம்முடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை நம் விருந்தாளி என்று எண்ணியிருந்தோம்.

மின்னஞ்சல் பட்டியல் அந்த வகையில் மேல். முகவரிகள் நம் கையில் இருக்கும். ஆனால் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற சதவீதத்தை இப்போது நம்ப முடியாது. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படத்தை வைத்து, அது இறக்கப்பட்டால் மடல் திறக்கப்பட்டது என்று கொள்வதுதான் அந்தக் கணக்கின் சூட்சுமம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாடு, படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. மடலைத் தொடாமலே கிடப்பில் போட்டவரும் திறந்தவராகக் காட்சி தருகிறார்.

பதில் எழுதுபவரை எந்தச் செயலியும் போலியாக உண்டாக்குவதில்லை. "நீங்கள் சொன்ன வழியில் செய்து பார்த்தேன், மூன்றாவது படியில் உதைக்கிறது" என்று ஒருவர் எழுதினால், அவர் மூன்றாவது படிவரை வந்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் பதில்கள் குறைவு என்பதால் வாசகர்கள் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. இணையக் குழுமங்களில் நூறு பேரில் 90 பேர் மௌனமாகப் பார்ப்பார்கள், 9 பேர் அவ்வப்போது வாய் திறப்பார்கள், ஒருவர்தான் ஓயாமல் பேசுவார் என்று வலைத்தளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராய விகிதம் சொன்னார். வலைப்பூவில் பேசுபவர் விகிதம் இதைவிடவும் குறைவு என்பதும் அவர் சொன்னதுதான்.

பின்னூட்டமும் சுட்டியும்

இந்த இரண்டையும் பதிவர்களே கெடுத்தார்கள். நானும் அதில் சேர்த்திதான்.

பின்னூட்ட எண்ணிக்கையை ஏற்றுவது சுலபம். வந்த ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் தனித்தனியாக 'நன்றி' போட்டால் எண் இரட்டிப்பு. நான் உன் பதிவில் 'அருமை' போடுகிறேன், நீ என் பதிவில் போடு என்ற கொடுக்கல் வாங்கல் அடுத்த கட்டம். எல்லாவற்றையும் மிஞ்சுவது சண்டை. யாரையாவது சீண்டி எழுதினால் நூறு பின்னூட்டம் சர்வசாதாரணமாக விழும். ஒரு மாதம் தேடித் தொகுத்து எழுதியதற்கு மூன்று 'அருமை', அதில் ஒன்று படிக்காமல் போட்டது.

சுட்டி (லிங்க்) அப்படியில்லை, இன்னொருவர் தன் எழுத்துக்குள் நம்மைக் காட்டுவது பெரிய அங்கீகாரம் என்று ஒரு காலத்தில் நம்பினோம். டெக்னோரட்டி என்ற தளம், எத்தனை வலைப்பூக்கள் சுட்டி கொடுத்திருக்கின்றன என்று எண்ணிப் பதிவர்களைத் தரவரிசைப்படுத்தியது. கூகுள் தன் டூல்பாரில் பக்கத்துக்குப் பக்கம் வந்து சேரும் சுட்டிகளை வைத்துப் போடும் பேஜ்ரேங்க் மதிப்பெண்ணை 0 முதல் 10 வரை காட்டியது. எண் கண்ணில் பட்டதும் வியாபாரம் தொடங்கிவிட்டது: சுட்டி விலைக்கு, சுட்டிக்குச் சுட்டி மாற்று, பின்னூட்டம் என்ற பெயரில் சுட்டிக் குப்பை. குப்பையைத் தடுக்க, இந்தச் சுட்டியைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறிச்சொல் 2005 ஜனவரியில் வந்தது. பேஜ்ரேங்க் மதிப்பெண்ணைப் பொதுவில் காட்டுவதையே கூகுள் 2016-ல் நிறுத்திவிட்டது. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார நிபுணர் 1975-ல் பணக்கொள்கை பற்றி எழுதும்போது, ஒரு புள்ளிவிவர ஒழுங்கைப் பிடித்து அழுத்தம் கொடுத்தால் அது குலைந்துவிடும் என்றார். பதிவர்கள் அதை முப்பது ஆண்டு கழித்துச் செய்து காட்டினோம்.

எண்ணிக்கையை விட்டு ஆளைப் பார்த்தால் பின்னூட்டம் இன்னும் பயன்படும். என்னைத் தவிர, குறைந்தது மூன்று வெவ்வேறு மாதங்களில் பின்னூட்டம் எழுதிய பெயர்கள் எத்தனை? இந்தக் கணக்கைச் சண்டைப் பதிவால் ஏற்ற முடியாது, அடிக்க வந்தவர் மூன்றாவது மாதம்வரை இருக்கமாட்டார்.

தேடலில் இடம்

தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் 'சராசரி இடம்' என்று ஒரு எண் வரும். அதை மட்டும் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இதுவரை எந்த வரிசையிலும் இல்லாத புதுச் சொற்களுக்கு உங்கள் பதிவு 40-வது இடத்தில் தலைகாட்டத் தொடங்கினால், சராசரி மோசமாகும். அது உண்மையில் வளர்ச்சி. சொடுக்குகளையும், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதையும் பாருங்கள். அங்கே 16 மாதத் தரவுதான் இருக்கும், அதற்கு முந்தையது வேண்டுமென்றால் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வருமானம்

காசு கேவலம் என்று நான் சொல்லப் போவதில்லை. காசுக்காக எழுதுகிறவருக்கு இதைவிட நேர்மையான கோல் இல்லை. ஆனால் விளம்பர வருமானம் என்பது பார்வை எண்ணிக்கை போட்டிருக்கும் இன்னொரு வேஷம். ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் அது வருகிறது. அந்த 'இவ்வளவு' எழுத்தின் தரத்தைப் பொறுத்ததல்ல, தலைப்பைப் பொறுத்தது. கடன், காப்பீடு பற்றிய சுமாரான பதிவுக்கு அருகில் விளம்பரம் போட ஏலம் ஏறும். கவிதை அருகில் யார் ஏலம் கேட்பார்? ஆக, விளம்பரக் காசு எழுத்தை அளக்கிறது என்று நினைப்பது தவறு. அது அந்தத் தலைப்பின் சந்தையை அளக்கிறது.

நேரடியாக வாசகர் தரும் காசு வேறு ரகம். ஆயிரம் தீவிர ரசிகர்கள் இருந்தால் ஒரு படைப்பாளி பிழைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தாளர் கெவின் கெல்லி 2008-ல் எழுதினார். அந்த ஆயிரம் என்ற எண்ணைவிட, 'தீவிர' என்ற சொல்லில்தான் எல்லாப் பாரமும் இருக்கிறது. எந்த வகை என்றாலும், மொத்தத் தொகையைச் செலவிட்ட மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். நான் ஒருமுறை வகுத்தேன், இரண்டாவது முறை வகுக்கவில்லை.

நான் கடைசியில் எடுத்த கோல்

எல்லாம் பார்த்தபின் நான் கைக்கொண்டது, பதிவின் ஆயுள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் ஆய்வாளர்களுக்காக ஒரு எண்ணை முன்வைத்தார். ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 10. ஒரே கட்டுரை ஆயிரம் முறை காட்டப்பட்டாலும் எண் ஒன்றுக்கு மேல் ஏறாது. இதை நான் வலைப்பூவுக்குத் திருப்பிக்கொண்டேன்: ஒரு வருடத்துக்கு மேல் பழசான பதிவுகளில், போன மாதம் மட்டும் தலா 12 பேராவது படித்தவை 12 இருந்தால் என் எண் 12. பற்றிக்கொண்ட ஒற்றைப் பதிவு இதில் சல்லிக்காசு பெறாது. தலைப்பில் ஆள்பிடிக்கும் வித்தையும் செல்லாது, அந்த வித்தைக்கு ஒரு வருட ஆயுள் இல்லை.

குறையும் உண்டு, அது சின்னதல்ல. அன்றன்றைய அரசியலையும் புதுப்பட விமர்சனத்தையும் எழுதுகிறவருக்கு இது அநியாயம். அவர்கள் பதிவு மறுவாரமே பழசாவது அதன் இயல்பு. அவர்களுக்குத் திரும்பி வரும் வாசகரே சரியான கோல். தொடங்கி ஆறு மாதமான பதிவருக்கு இந்தக் கோலில் எப்போதும் பூஜ்ஜியம்தான். அவர் மாதம் நான்கு பதிவு எழுத நினைத்து நான்கும் எழுதினாரா என்று மட்டும் பார்த்தால் போதும். நண்பர் வட்டம் சேர்க்க எழுதுகிறவர், மேலே சொன்ன மூன்று மாதப் பெயர்களை எண்ணட்டும்.

நாட்குறிப்பு போல எழுதுகிறவருக்கு எந்தக் கோலும் வேண்டாம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை ஏதோ ஒரு மென்பொருள் சிக்கலுக்கு வழி தேடினேன். கிடைத்த முதல் விடை தெளிவாக இருந்தது, எழுதியவர் யார் என்று பார்த்தால் நான்கு வருடத்துக்கு முந்தைய நான். எழுதியதே மறந்துபோயிருந்தது. அந்த மாதக் கணக்கில் அந்தப் பதிவுக்கு ஒரு வாசகர் கூடுதல். அதை நான் கழிக்கவில்லை.

இப்போது மாதத்தின் முதல் தேதியில் அந்த எண்ணையும் திரும்பி வந்தவர்களையும் ஒரு நோட்டில் குறித்துவிட்டு மூடிவிடுகிறேன். பக்கவாட்டில் இருந்த ஹிட் கவுண்டரை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அது எங்கே போயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.