தேக்கா பக்கம் ஒரு பல் கிளினிக்: டாக்டருக்கு முழு மார்க், முகப்புக் கவுண்டருக்குப் பாதி

வீட்டில் பாக்கு மெல்லுகிறவர் யாராவது இருந்தால் இங்கே தாராளமாகக் கூட்டிப் போகலாம், பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

மாமாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு. வலி இல்லாததால் அவருக்குக் கவலையும் இல்லை. குட்கா, கைனியெல்லாம் 2016இலேயே சிங்கப்பூரில் தடையாகிவிட்டது, நான் மெல்லுவது வெறும் பாக்குதானே என்று டாக்டரிடமே வாதாடினார். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்றார் டாக்டர். அதிலிருக்கும் அரிகோலின் என்ற வேதிப்பொருள் வாயின் உட்தோலுக்கு அடியில் நாரை வளர்த்து, நாளாக ஆக வாயே திறக்க முடியாதபடி இறுக்கிவிடுமாம். மாமா அப்புறம் பேசவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, பரிசோதனைக்குத் துளி சதை எடுத்து, ஒரு தையல். சீக்கிரமே முடிந்தது.

நான் இங்கே எழுத வந்ததே ரிப்போர்ட் வந்த பிறகு நடந்ததற்காகத்தான். 'லேசான டிஸ்பிளேசியா' (புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றம்) என்று படித்துவிட்டு நாங்கள் வெலவெலத்துப் போயிருக்க, டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். வாயின் உட்தோல் அடுக்கின் அடிப்பகுதியில் மட்டும் செல்கள் ஒழுங்கு தப்பி, கரு பெரிதாகி இருக்கின்றன. அது மேலே மேலே ஏறினால் கடுமை கூடும், கீழே இருக்கும் அடிச்சவ்வைத் துளைத்து இறங்கினால்தான் புற்றுநோய். பெரும்பாலான வெள்ளைத் திட்டுகள் அந்த அளவுக்குப் போவதில்லையாம், சிவப்புத் திட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். லிம்போசைட்டுகள், அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள், கூடியிருக்கின்றன என்று ஒரு வரி இருந்ததே, அதையும் விடாமல் கேட்டேன். கெட்டுப்போன செல்லைக் கொல்ல அந்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் வருவது நல்லதுதான், ஆனால் நோய் முற்றும்போது அவற்றை அடக்கிவைக்கும் வேறு வகை டி செல்களும் பெருகும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் பல கட்சி மாறிக் கட்டிக்கே ரத்தக்குழாய் வளர உதவும், வேலியே பயிரை மேய்கிற கதைதான், அதனால் அந்த ஒரு வரியை வைத்து நல்லதென்றோ கெட்டதென்றோ முடிவுகட்டக் கூடாது என்றார். இவ்வளவு நேரம் ஒதுக்கிப் பேசுகிற டாக்டர் எங்கே கிடைக்கிறார்?

முகப்புதான் சொதப்பல். ரிப்போர்ட் வந்ததும் அழைப்போம் என்றவர்கள் அழைக்கவே இல்லை, நாங்களாகக் கேட்டபோது வந்து சில நாளாகிவிட்டது என்றார்கள். மெடிசேவில் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கழிக்கலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பில்லில் பரிசோதனைக்கூடக் கட்டணம் தனியாக வரும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை முன்பதிவு இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும், வார நாளில் காலையில் போவது மேல். மாமாவை மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அங்கேதான் போகப்போகிறோம்.