விமான ரிசீவர் தரவரிசை: எந்த எண்ணை நம்பலாம்?

பறக்கும் விமானங்கள் அனுப்பும் ரேடியோ சிக்னலை வீட்டிலிருந்தே பிடிக்க மாடியில் ஒரு ஆன்டெனா, அதோடு அந்த சிக்னலை வாங்கும் ஒரு யூஎஸ்பி டாங்கிள், ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. இவ்வளவுதான் செலவு. பிடித்த சிக்னலை ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர், ஓபன்ஸ்கை ஆகிய விமானக் கண்காணிப்புத் தளங்களுக்கு அனுப்பிவிடலாம். முதல் இரண்டும் பதிலுக்கு உயர்நிலைச் சந்தாவை இலவசமாகத் தருகின்றன. கூடவே வருவது, உங்கள் ரிசீவர் எவ்வளவு பிடித்தது என்று காட்டும் புள்ளிவிவரப் பக்கம். பலரும் சந்தாவை விட அதைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள். ஆனால் அங்கே இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே விஷயத்தை அளப்பவை அல்ல.

பார்க்கப் பெரிதாகத் தெரிவது செய்திகளின் எண்ணிக்கை. ஏடிஎஸ்-பி (தன் விவரங்களை விமானம் தானே ஒலிபரப்பும் முறை) உள்ள விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இடத்தை நொடிக்குச் சுமார் 2 முறை சொல்கிறது. வேகத்தையும் அதே போல 2 முறை சொல்கிறது, அழைப்புப் பெயரைச் சுமார் 5 நொடிக்கு ஒரு முறை. இவை போக, தரையிலுள்ள ரேடார்கள் கேட்கும் கேள்விகளுக்கு விமானம் தரும் பதில்களும் அதே அலைவரிசையில் வருகின்றன. ரிசீவர் அவற்றையும் சேர்த்தே எண்ணும். அதனால் சுற்றிலும் ரேடார்கள் அதிகமுள்ள ஊரில் ஆன்டெனா சுமாராக இருந்தாலும் இந்த எண் எகிறிவிடும். உங்கள் திறமைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

இதிலேயே தளத்துக்குத் தளம் வேறுபாடும் உண்டு. ஆய்வாளர்கள் தொடங்கிய ஓபன்ஸ்கை, மூலச் செய்திகளை அப்படியே சேமிக்கிறது. ஃப்ளைட்அவேரின் பைஅவேர் மென்பொருளோ, தேவையான மாற்றங்களை மட்டும் வடிகட்டி அனுப்புகிறது. வீட்டுத் திரையில் காட்டும் எண்ணுக்கும் தளத்தில் காட்டும் எண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம், எதுவும் தொலையவில்லை.

விமானங்களின் எண்ணிக்கை இதைவிட நேர்மையானது. ஒரே விமானம் ஆயிரம் செய்தி அனுப்பினாலும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் இங்கே வெல்வது முகவரி. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஜன்னலோரம் வைத்த குட்டி ஆன்டெனாவோடு, ஐஸ்லாந்தின் ஒதுக்குப்புறத்தில் கம்பம் நட்டு வைத்தவர் போட்டி போடவே முடியாது. உண்மையில் வரைபடத்துக்கு அதிகம் பயன்படுவது இரண்டாமவர்தான். அவரை விட்டால் அந்த வானத்தைக் கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் குறைவு. வெறும் எண்ணிக்கையில் அது தெரியாது.

சரி, தூரம்? இதற்குப் பூமியின் வளைவே வேலி போட்டுவிடுகிறது. 11,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தை, 10 மீட்டர் உயர ஆன்டெனா கணக்குப்படி ஏறத்தாழ 445 கிலோமீட்டர் வரை கேட்கலாம். ஆன்டெனாவை 30 மீட்டருக்கு ஏற்றினால் கூடுதலாகக் கிடைப்பது 10 கிலோமீட்டர்கூட இல்லை. உயரத்தால் வரும் உண்மையான லாபம், பக்கத்துக் கட்டடமும் மரமும் மறைக்காமல் போவதுதான். அதிகபட்சத் தூரம் என்ற ஒற்றை எண்ணை நான் மதிப்பதே இல்லை. வானிலை காரணமாகச் சில நாள் அலைகள் வளைந்து வெகுதூரம் வரும். தப்பாகப் படித்த ஒரே ஒரு செய்தியும் சாதனையாகப் பதிவாகலாம். சராசரித் தூரம் அப்படிச் சுலபத்தில் ஏமாற்றாது.

ஓடிய நேரம் மட்டும்தான் எந்த ஊர்க்காரருக்கும் ஏறக்குறைய சமமான களம், மின்வெட்டும் இணையமும் ஒத்துழைத்தால். ஓபன்ஸ்கை இதற்குத்தான் வெகுமதி தருகிறது: மாதத்தில் குறைந்தது 30 சதவீத நேரம் ரிசீவர் இயங்கினால், தரவு எடுக்க ஒரு நாளைக்குக் கிடைக்கும் 4,000 புள்ளிகள் 8,000 ஆகும். ஃப்ளைட்அவேர் எத்தனை நாள் விடாமல் அனுப்பினீர்கள் என்று தொடர்கணக்கு காட்டுகிறது. ஃப்ளைட்ரேடார்24 இயங்கிய நேரத்தையும் தூரத்தையும் காட்டிவிட்டு, பக்கத்திலேயே ஒரே மதிப்பெண்ணும் வரிசை எண்ணும் போடுகிறது. பெருமைக்கு அது நன்றாக இருக்கும், ஆனால் எங்கே கோளாறு என்று அந்த ஒற்றை எண் சொல்லாது.

அதனால் என் ஓட்டு ஃப்ளைட்அவேர் பாணிக்கு. அங்கே நிலைப்புள்ளிகளை, அதாவது ரிசீவர் பதிவு செய்த விமான இடங்களை, தூர வாரியாகவும் திசை வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். ஒரு திசையில் மட்டும் அந்தப் படம் உள்வாங்கியிருந்தால் அங்கே ஏதோ மறைக்கிறது. எல்லாத் திசையிலும் தூரப் பட்டைகள் மெலிந்திருந்தால் கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். கிட்டே வரும் விமானங்கள் மட்டும் விட்டுவிட்டுத் தெரிந்தால், சிக்னலைப் பெருக்கும் அளவான கெய்னைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். அப்புறம், ஒப்பிட வேண்டியது உலக வரிசையோடு அல்ல, அதே வானத்தைக் கேட்கும் பக்கத்து ரிசீவரோடு, அதே நாளில்.