மாலி தங்கச் சுரங்கமா, நெய்வேலியா? எலக்ட்ரீஷியன்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐ.டி.ஐ. முடித்துச் சில ஆண்டு அனுபவமும் உள்ள காரைக்குடி வட்டாரப் பிள்ளைகளுக்கு இப்போது ஆப்பிரிக்கச் சுரங்க வேலைகள் ஏஜெண்டுகள் மூலம் வருகின்றன. எனக்கு மாலியில் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை வந்தது. அதே வாரம் நெய்வேலியில் ஓர் ஒப்பந்தக்காரரும் கூப்பிட்டார். நான் நெய்வேலிக்குப் போனேன்.

சம்பளத்தில் மாலிதான் மேல். சாப்பாடும் தங்குமிடமும் முகாமிலேயே கிடைக்கும். வேலையைக் கற்றுக்கொள்ள நெய்வேலியை விடச் சிறந்த இடம் நம் பக்கம் இல்லை. பழுப்பு நிலக்கரியை வெட்டும் ராட்சத இயந்திரங்களும் கன்வேயர்களும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

இரண்டு ஒப்பந்தங்களிலும் நான் தேடியது ஒன்றைத்தான்: எனக்கு ஏதாவது நேர்ந்தால் வீட்டுக்குப் பணம் தரும் பொறுப்பு யாருடையது? மாலியில் 2012 முதல் சண்டை ஓயவில்லை. 2025 ஜூலை 1 அன்று காயெஸ் பகுதியில் ஒரு சிமெண்ட் ஆலையில் இருந்த மூன்று இந்தியர்களை ஆயுதக் குழுவினர் கடத்திச் சென்றனர். சாதாரண விபத்துக் காப்பீட்டில் போரும் உள்நாட்டுக் கலகமும் விலக்குப் பட்டியலில் இருக்கும். கடத்தப்பட்டவர் நிலை இன்னும் மோசம். அவர் இறக்கவும் இல்லை, காயப்படவும் இல்லை என்பதால் எதைக் காட்டிப் பணம் கேட்பது? அந்த மாதங்களில் சம்பளம் வருமா என்பதற்கு என் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. ஏஜெண்டிடம் கேட்டதற்கு, "கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்றார்.

1942-இல் போருக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை செட்டிநாட்டில் பல வீடுகளில் உண்டு. என் அப்பத்தாவின் தகப்பனார் ரங்கூனில் கணக்கெழுதியவர். அவருக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி கடைசிவரை வரவில்லை.

சண்டை முகாமுக்குள் வராவிட்டாலும் வேலை நிற்கலாம். 2025 செப்டம்பரிலிருந்து ஆயுதக் குழு எரிபொருள் லாரிகளை மறித்து எரித்ததில் தலைநகர் பமாக்கோவே திணறியது. டீசல் ஜெனரேட்டரில் ஓடும் சுரங்கத்துக்கு டீசல் வராவிட்டால் எலக்ட்ரீஷியனுக்கு என்ன வேலை?

நெய்வேலியிலும் குறை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ஆனாலும் பணியிட விபத்துக்கு ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் அவரை அமர்த்திய முதன்மை நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. எனக்கு அது போதும்.

மாலி முகாம் வாழ்க்கையைப் பற்றி, போய்வந்த இருவர் சொன்னதே என் அறிவு. இருவரும் நன்றாகச் சம்பாதித்துத் திரும்பியவர்கள். விண்ணப்பிப்பதாக இருந்தால் போர் அபாயக் காப்பீடு, கடத்தல் காலச் சம்பளம், திரும்பும் டிக்கெட் மூன்றையும் நிறுவனத்தின் கையெழுத்தோடு முதலில் வாங்குங்கள். அதுவரை பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள்.