உப்புக்காற்று தின்ற செசி நம்பர்

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் தேடுகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் இதை ஒருதரம் வாசியுங்கள்.

2024இல் உப்புவெளிப் பக்கம் ஒருவரிடம் பல்சர் 150 ஒன்று வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் அப்போது ஓட்டை வண்டிக்கும் தங்க விலை. இது 4 லட்சத்து 20 ஆயிரம் என்றதும் அவசரப்பட்டுவிட்டேன். பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ், வரிப்பத்திரம் எல்லாம் இருந்தன. வரிப்பத்திரம் புதுப்பிக்கும்போது யாரும் குனிந்து செசியில், அதாவது வண்டியின் சட்டத்தில், பொறித்த நம்பரைப் பார்ப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஹேண்டில் கழுத்தில் நம்பரைத் தேடினேன். கறுப்புப் பெயின்டுக்கடியில் மேடுபள்ளம்தான் தட்டுப்பட்டது. "கடற்கரை வீடு தம்பி, உப்புக்காத்து திண்டுபோட்டுது" என்றார். எங்கள் வீட்டு கேட்டே துருப்பிடித்து விழுந்ததுதானே, நம்பிவிட்டேன்.

உரிமை மாற்றத்துக்கு 14 நாள்தான் தவணை. அதற்குள் எதற்கும் பார்ப்போம் என்று கராஜில் காட்டினேன். பெடியன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். 17 எழுத்தில் முன்னால் எம்டி2, பின்னால் நான்கு இலக்கம் மட்டும்தான் தெரிந்தன. நடுவில் கிரைண்டர் கோடுகள். எஞ்சினிலும் அதே கோடுகள். அது அலுமினியம், இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது. பக்கத்து ஆணிகள்கூட மினுங்கிக்கொண்டிருந்தன. உப்புக்காற்று நம்பரை மட்டும் தேடிப்போய்த் தின்னுமா?

"அண்ணா, கொழும்பில் புத்தகத்தில் உள்ள நம்பரையே அடித்துத் தருவார்கள்" என்று அங்கே நின்ற இன்னொருவர் காதுக்குள் சொன்னார். அந்த வேலைக்குப் போய்விடாதீர்கள். அதுவரை ஏமாந்தவர், அதன்பிறகு குற்றவாளி.

வாகனப் பரிசோதகர், நம்பரைக் கண்ணால் வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். அவரில் பிழையில்லை. புத்தகத்தில் இருப்பதோ நான் கண்டேயிராத ஒருவரின் பெயர். விற்றவர், திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த ஓபன் பேப்பரைக் கைமாற்றிய மூன்றாமவர். அவருடைய போன் அன்றிலிருந்து ஓஃப். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பைக் முற்றத்தில் படங்குக்குள் கிடக்கிறது.

போன கிழமை அதே ஒழுங்கையால் போனேன். வாசலில் இன்னொரு பைக், விற்பனைக்கு என்ற அட்டையோடு. கழுத்தில் மட்டும் புதுப் பெயின்ட்.