பனியன் கம்பெனிக்கு எது போதும்: எக்செல்லா, டேலியா, ஈஆர்பியா?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போய், "எம்ஐஎஸ்-க்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "டேலி இருக்குங்க" என்பார் ஒருவர். "நம்ம மெர்ச்சன்டைசர் பையன் எக்செல்ல போட்டுத் தந்துருவான்" என்பார் அடுத்த தெருக்காரர். "ஈஆர்பி வாங்கினோம், ஆனா யாரும் என்ட்ரி போடறதில்ல" என்பார் இன்னொருவர். டேலி என்பது கணக்கு வைக்கும் மென்பொருள், ஈஆர்பி என்பது வாங்கல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் மென்பொருள், மெர்ச்சன்டைசர் என்பவர் ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர். மூவர் சொல்வதும் எம்ஐஎஸ் பற்றித்தான். நிர்வாகத் தகவல் முறைமை என்று பாடப்புத்தகத்தில் வருவது அடிப்படையில் எளிமையான விஷயம். தொழிலில் அன்றாடம் நடப்பதைப் பதிந்து வைத்து, முடிவெடுக்கும் ஆளுக்கு வேண்டியதை, முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கும்போதே எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. அந்தக் கடைசிப் பாதியில்தான் எல்லாமே இருக்கிறது.

மூன்றையும் வசதிப் பட்டியல் போட்டு ஒப்பிட்டால் ஈஆர்பிதான் ஜெயிக்கும். விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் தாளில் ஈஆர்பி பக்கம் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். அதனால் இங்கே வேறு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். நடந்த ஒரு விஷயம் எப்போது உள்ளே பதிவாகிறது, யார் கையால் பதிவாகிறது?

ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 2,500 டி-ஷர்ட், சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). பீஸுக்கு 200 கிராம் துணி என்று போட்டு, 500 கிலோ துணி வேண்டும் என்பது திட்டம். மில்லிலிருந்து வந்த நூல் துணியாகப் பின்ன நிட்டிங்குக்குப் போகிறது, அங்கிருந்து சாயம் போட டையிங், பிறகு துணி பின்னால் சுருங்காமல் இருக்கக் காம்பாக்டிங், அப்புறம்தான் கட்டிங். பெரும்பாலும் ஒவ்வொன்றும் கூலிக்கு வேலை செய்து தரும் வேறு வேறு ஜாப் ஒர்க் யூனிட். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டிசி (டெலிவரி சலான்). கடைசியில் துணி வந்து இறங்குகிறது. எடை போட்டால் சரியாக 500 கிலோ. டிசியில் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் துணி 180 ஜிஎஸ்எம் இல்லை, 190. துணி கனத்துவிட்டால் அதே 500 கிலோவில் பரப்பு குறையும். 2,368 பீஸ்தான் வெட்ட முடியும், 132 குறைகிறது. அதை ஈடுகட்ட இன்னும் 28 கிலோ துணி வேண்டும். 28 கிலோவுக்குத் தனியாகச் சாயம் போட்டால் முதல் லாட்டோடு ஷேடு ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஜிஎஸ்எம் கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு ஒன்றை வெட்டித் தராசில் வைத்தால் போதும். 1.9 கிராம் காட்டினால் 190. கட்டிங் டேபிளில் துணியை விரிக்கும் முன்னால் தெரிந்தால் மறுபடி காம்பாக்டிங் கொடுத்துப் பார்க்கலாம், டையிங்காரரிடம் பேசலாம், பையருக்கு முன்கூட்டியே மெயில் போடலாம். வெட்டிய பிறகு தெரிந்தால் ஷார்ட்டேஜ் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த 190 என்ற எண் மூன்று ஏற்பாட்டிலும் என்ன ஆகிறது?

எக்செல்

எக்செல்லில் அது பதிவாகலாம், பதிவாகாமலும் போகலாம். அந்த ஷீட்டைத் தயாரித்தவர் ஜிஎஸ்எம்முக்கு ஒரு நெடுவரிசை வைத்திருந்தால் உண்டு. வைக்கவில்லை என்றால் பத்து வினாடியில் வைத்துக்கொள்ளலாம். எக்செல்லின் பலம் இதுதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கன்சல்டன்டுக்குப் பணம் கட்ட வேண்டாம், பையர் புதிதாக ஒரு கேள்வி கேட்டால் மாலைக்குள் பதில் கொடுத்துவிடலாம். காஸ்டிங் ஷீட்டுக்கு இன்றுவரை எக்செல்லை மிஞ்ச ஒன்றும் வரவில்லை என்பது என் எண்ணம். நூல் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பீஸுக்கு என்ன ஆகும், டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு அதுதான் லாயக்கு.

கோளாறு எங்கே என்றால், எக்செல் எதற்கும் ஆட்சேபணை சொல்லாது. 2020-இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையில் சுமார் 16,000 கோவிட் தொற்றுகள் கணக்கில் ஏறாமல் போயின. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுவிட்டது. நம் கம்பெனியில் அத்தனை வரிசை வராது, சரி. ஆனால் அந்தச் சத்தமின்மை நமக்கும் உண்டு. 500 கிலோ என்பதை 50 என்று அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். ஒரு வரியை அழித்தால் யார் அழித்தது என்று சொல்லாது. ஃபேப்ரிக் இன்சார்ஜ் ஷீட்டில் 190 இருக்கும், மெர்ச்சன்டைசர் ஷீட்டில் 180 இருக்கும், இரண்டின் பெயரும் 'ஆர்டர் ஸ்டேட்டஸ் ஃபைனல்' என்றே இருக்கும். கட்டிங் மாஸ்டர் இரண்டையும் பார்த்திருக்கமாட்டார்.

இன்னொன்று, அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டால் ஷீட்டும் போன மாதிரிதான். ஃபைல் இருக்கும். எந்த ஃபார்முலா எங்கிருந்து எடுக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டேலி

1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் இது. தமிழ்நாட்டில் எந்த ஊரில் போய்த் தேடினாலும் டேலி தெரிந்த ஆள் கிடைப்பார். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மென்பொருளைவிட அதை ஓட்டும் ஆள் கிடைப்பதுதான் சின்ன கம்பெனிக்குப் பெரிய கவலை. ஆடிட்டர் ஆபீஸிலும் அதுதான் ஓடுகிறது, டேட்டாவை அப்படியே அனுப்பிவிடலாம். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அதன் பிடி இன்னும் இறுகியது. 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆனபோது, பல கம்பெனிகளில் பில் போடும் திரையிலேயே அந்த வேலை முடிந்துவிட்டது.

பணம் சம்பந்தமான கேள்வி எதுவானாலும் டேலி நன்றாகவே பதில் சொல்லும். யார் பாக்கி, எத்தனை நாள் பாக்கி, பேங்கில் எவ்வளவு, ஜிஎஸ்டி கட்ட எவ்வளவு. 2023-24 நிதியாண்டிலிருந்து குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய தொகையைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் தராவிட்டால், பணத்தை உண்மையில் தரும் ஆண்டின் வருமான வரிக் கணக்கில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பில்வாரியாக நாள் எண்ணிக் காட்டும் ஒரு ரிப்போர்ட்டுக்கு மார்ச் மாதம் எவ்வளவு மதிப்பு என்று அக்கவுண்டன்டைக் கேட்டால் தெரியும்.

சரி, நம் 190 என்ன ஆகிறது? டேலிக்கு அது தெரியவே தெரியாது. ஜாப் ஒர்க்குக்குப் பொருள் போனதையும் வந்ததையும் பதிய அதில் வவுச்சர் உண்டு. 500 கிலோ போனது, 500 கிலோ வந்தது, ஸ்டாக் சரி. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதியும் சரி. எல்லாமே சரியாக இருக்கும், பீஸ் மட்டும் 132 குறையும். கணக்கின் கண்ணில் கிலோ படும், ரூபாய் படும், துணியின் கனம் படாது. டேலியை நம் தேவைக்கு மாற்ற உதவும் டிடிஎல் மொழியை எழுதத் தெரிந்தவரை வைத்துக் கூடுதல் கட்டங்கள் சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பப்போவது யார்? டிசி கட்டு அக்கவுண்ட்ஸ் அறைக்குச் சாயங்காலம் வரும், சில இடங்களில் சனிக்கிழமைதான் வரும். அதற்குள் துணி வெட்டுப்பட்டிருக்கும். டேலி நடந்து முடிந்ததைச் சொல்லும் ஆள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்கு வைப்பதன் இயல்பே அது.

ஒரு சின்ன விஷயம். 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், கணக்கில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். டேலியில் எடிட் லாக் வந்தது இதற்காகத்தான். பார்ட்னர்ஷிப், புரொப்ரைட்டர் கம்பெனிகளுக்கு இந்த விதி இல்லை. இருந்தாலும் எடிட் லாக் உள்ள பதிப்பையே ஓட்டுவது நல்லது. பழைய தேதி போட்டு என்ட்ரி திருத்தும் பழக்கம் தானாகக் குறையும்.

ஈஆர்பி

190 சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இது. துணி இறங்கியதும் இன்வர்ட் என்ட்ரி (சரக்கு வரவுப் பதிவு), அதை ஒட்டிக் குவாலிட்டி என்ட்ரி. அதில் ஜிஎஸ்எம் போடாமல் அடுத்த திரை திறக்காது, 180-க்கு 190 போட்டால் சிவப்பில் நிற்கும். கட்டிங்குக்குத் துணி இஷ்யூ ஆகாது. டையிங்காரர் பில்லும் பாஸ் ஆகாது. எக்செல் எதற்கும் மறுப்புச் சொல்லாது என்றேன் அல்லவா, ஈஆர்பிக்கு நீங்கள் கொடுக்கும் காசு முழுக்க முழுக்க அந்த மறுப்புக்குத்தான்.

அந்த மறுப்பே அதன் வேதனையும் ஆகிறது. ராத்திரி எட்டு மணிக்கு லாரி வந்து நிற்கிறது, காலையில் கட்டிங் ஆரம்பிக்க வேண்டும், குவாலிட்டி பார்ப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார், சிஸ்டம் விடமாட்டேன் என்கிறது. என்ன நடக்கும்? யாராவது 180 என்று அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்த ஈஆர்பியில் இருக்கும் எண்கள் எக்செல்லைவிட மோசம். எக்செல்லை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்கள், ஈஆர்பியை நம்புவார்கள்.

1950-களில் லண்டனில் லயன்ஸ் என்ற தேநீர்க்கடை நிறுவனம் தன் வியாபாரத்துக்கென்றே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி ஓட்டியது. லியோ என்று பெயர். கடைகளுக்குத் தினமும் என்னென்ன பலகாரம் எவ்வளவு அனுப்புவது என்பதும் அதன் வேலைகளில் ஒன்று. கடை மேலாளர்கள் முழுப் பட்டியலைக் கொடுக்க வேண்டியதில்லை. வழக்கமான ஆர்டரில் இன்றைக்கு என்ன மாற்றம் என்பதை மட்டும் போனில் சொன்னால் போதும். இன்வர்ட் பார்க்கும் ஆளிடம் இருபது கட்டம் நிரப்பச் சொல்லும் இன்றைய திரைகளைப் பார்க்கும்போது, எழுபது ஆண்டுக்கு முந்தைய அந்த ஆட்களுக்கு இருந்த கரிசனம் நமக்கு இல்லையே என்று தோன்றும். கட்டம் குறையக் குறைய, உண்மையான எண் உள்ளே போகும்.

பெரிய பெயர் இருந்தால் மாட்டிக்கொள்ளமாட்டோம் என்ற நினைப்பும் வேண்டாம். ஜெர்மனியின் லிடில் மளிகைச் சங்கிலி, ஏழு ஆண்டு வேலை, சுமார் 50 கோடி யூரோ செலவு என்று ஆன பிறகு 2018-இல் எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளுக்கு மாறும் திட்டத்தைக் கைவிட்டது. சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அவர்கள் பழக்கம், விற்கும் விலையில் மதிப்பிடுவது மென்பொருளின் வழக்கம். பழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைக்கப் போய்ச் சிக்கியதாக அப்போது செய்தி வந்தது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-இல் ஹாலோவீன் சீசன் நெருங்கும் நேரத்தில் புதிய சிஸ்டத்துக்கு மாறி, கிடங்கில் மிட்டாய் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் தவித்தது. உள்நாட்டு வியாபாரம் செய்யும் திருப்பூர்க்காரருக்கு அதன் பொருள் நேரடியானது: தீபாவளிச் சரக்கு ஓடும் மாதங்களில் சிஸ்டம் மாற்றாதீர்கள்.

ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற ஈஆர்பி மென்பொருள்களில் லைசன்ஸ் காசு இல்லாத வடிவம் கிடைக்கிறது. ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பையில் பிறந்தது, நம் ஊர் வரி முறை அதற்குப் புதிதல்ல. ஆனால் அதை நிறுவி, ஐட்டம் மாஸ்டர் (எல்லாப் பொருளுக்கும் ஒரே பெயர் வைக்கும் பட்டியல்) கட்டி, ஆட்களுக்குப் பழக்கிவிடும் கூலி இருக்கவே இருக்கிறது. மாஸ்டர் கட்டுவது சாதாரண வேலையும் இல்லை. 'சிங்கிள் ஜெர்சி 180 வெள்ளை' என்றும் 'எஸ்ஜே வெள்ளை 180' என்றும் ஒரே துணிக்கு இரண்டு பெயர் உள்ளே போய்விட்டால் ஸ்டாக் இரண்டாகப் பிரிந்துவிடும். பனியன் தொழிலுக்கென்றே திருப்பூர், கோவை ஆட்கள் எழுதிய மென்பொருள்களும் உண்டு. திரை பார்க்கச் சுமாராக இருக்கும். ஆனால் நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று நம் வழக்கப்படியே மெனு இருக்கும், பிரச்சினை என்றால் ஆள் வண்டியில் வந்து நிற்பார். எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு.

சரி, எது?

டர்ன்ஓவரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சரக்கு எத்தனை கை மாறுகிறது என்று எண்ணுங்கள். நூல் வாங்கி வெளியே நிட்டிங் செய்து, வெளியே சாயம் போட்டு, வெளியே பிரிண்டிங் கொடுத்துத் தைப்பவர் 4 கோடி வியாபாரத்திலேயே திணறுவார். ரெடியாகத் துணி வாங்கித் தைத்து விற்பவர் 15 கோடியிலும் டேலியை வைத்தே நிம்மதியாக ஓட்டுவார்.

முதல் வகை ஆளாக இருந்தால், கணக்கு டேலியிலேயே இருக்கட்டும், காஸ்டிங் எக்செல்லிலேயே இருக்கட்டும். முழு ஈஆர்பிக்குப் போகாமல் லாட் நகர்வுக்கு மட்டும் ஒரு மென்பொருள் வாங்குவேன். டிசி போடுவது, இன்வர்ட் எடுப்பது, எடை, ஜிஎஸ்எம், ஷேடு. இவ்வளவுதான். என்ட்ரி போடுவது அக்கவுண்ட்ஸ் அறையில் அல்ல, துணி இறங்கும் இடத்தில். ரிப்போர்ட்டும் மூன்றோ நான்கோ போதும். மேலாளர்களுக்குத் தகவல் பற்றாக்குறை இல்லை, வேண்டாத தகவல் குவிவதுதான் தொல்லை என்று நிர்வாகவியல் அறிஞர் ரஸ்ஸல் அகாஃப் 1967-லேயே எழுதிவிட்டார். ஐம்பது ரிப்போர்ட் வரும் என்று டெமோவில் பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

முழு ஈஆர்பி யாருக்கு என்றால், இரண்டு மூன்று யூனிட், எக்ஸ்போர்ட் ஆர்டர், நாலைந்து மெர்ச்சன்டைசர் என்று வளர்ந்தவர்களுக்கு. அதிலும் முதலாளி தானே சிஸ்டத்தைத் திறந்து பார்ப்பவராக இருக்க வேண்டும். அவர் போனில் "எத்தனை பீஸ் ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், கீழே யாரும் என்ட்ரி போடமாட்டார்கள். போனில் பதில் சொன்னால் போதுமே.

எதை வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். டெமோ காட்ட வருபவரின் சாம்பிள் டேட்டாவை மூடச் சொல்லிவிட்டு, உங்கள் பழைய டிசி பத்தை எடுத்து, உங்கள் இன்வர்ட் ஆளையே உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம், நாளைக்கு இதை நிறுத்தினால் என் டேட்டா முழுவதும் எக்செல்லில் வெளியே வருமா என்று கேட்டு, அந்தப் பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.