கார் தானாகப் பாய்ந்தால்: கால் பிசகா, மின்னணுக் கோளாறா?

நின்ற இடத்திலிருந்து கார் சீறிப் பாய்ந்து, "பிரேக்கைத்தான் மிதித்தேன்" என்று ஓட்டுநர் சொன்னால், பெரும்பாலும் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்திருக்கும். ஆடி 5000 உள்ளிட்ட கார்களை ஆராய்ந்த அமெரிக்க அரசு அறிக்கையும் 1989-இல் இதையே சொன்னது. ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. பிரேக் என்று நம்பித்தான் இன்னும் அழுத்துகிறார்.

மின்னணுக் கோளாறு அரிது, ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. ஆக்ஸிலரேட்டர் பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்று அளக்க அதில் இரண்டு சென்சார்கள் உண்டு. அவற்றின் மின்னழுத்தம் ஒத்துப்போகாவிட்டால் காரின் கணினி இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். டொயோட்டா கார்களில் நாசா நடத்திய ஆய்வு (2011) மின்னணுக் காரணம் எதையும் காணவில்லை; ஆனால் பெடல் சென்சாருக்குள் மின்சுற்றில் குறுக்கிணைப்பு உண்டாக்கக்கூடிய, மயிரிழை போன்ற வெள்ளீய இழைகள் முளைத்திருந்தன. மென்பொருள் குறை பற்றிய சாட்சியத்தைக் கேட்ட அமெரிக்காவின் ஓக்லஹோமா நடுவர் குழு 2013-இல் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பிரித்தறிய, காரின் கணினியில் இருக்கும், மோதலுக்கு முந்தைய 5 விநாடிப் பதிவைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் 100%, பிரேக் 'ஆஃப்' என்றால் பெரும்பாலும் கால் பிசகுதான். கணினி மீதே சந்தேகமென்றால் அதன் பதிவு மட்டும் போதாது. பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; பிரேக்கை உண்மையிலேயே பலமாக மிதித்ததற்கு அது அடையாளம். காரின் தரைவிரிப்பு பெடலில் சிக்கியிருந்தால் கால் பிசகு, மின்னணுக் கோளாறு இரண்டுமே காரணமில்லை.

ஓடும்போது நேர்ந்தால் உடனே நியூட்ரல். பிரேக்கை ஒரே மிதியாக அழுத்துங்கள். விட்டுவிட்டு மிதித்தால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.